கருணையும் கொலையும்: நோயுற்ற நாயின் இறுதி முடிவு குறித்த இந்திய விவாதம் (1926 – 2001)

ஆய்வுச் சுருக்கம்

தீராத நோயுற்று வலியில் துன்புறும் வளர்ப்பு நாயின் உயிரை மருத்துவர் துணையுடன் முடித்துவைப்பதா, இயற்கைச் சாவு வரும்வரை காத்திருப்பதா என்பது இன்று பல குடும்பங்கள் எதிர்கொள்ளும் வினா. இதனை மேனாட்டிலிருந்து அண்மையில் வந்த சிக்கலாகக் கருதும் போக்கு உள்ளது. ஆனால் 1926, 1928 ஆகிய ஆண்டுகளில் காந்தியடிகளை நடுவாகக் கொண்டு இவ்வினா இந்திய மண்ணிலேயே விரிவாக விவாதிக்கப்பட்டுள்ளது. அவ்விவாதத்தில் உருவான பாகுபாட்டையும், 1960ஆம் ஆண்டுச் சட்டமும் 2001ஆம் ஆண்டு விதிகளும் இம்முடிவை யாரிடம் ஒப்படைத்தன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வளர்ப்பு நாய், கருணைக்கொலை, அகிம்சை, காந்தியடிகள், விலங்குவதைத் தடுப்புச் சட்டம், ருக்மிணி தேவி அருண்டேல்.

முன்னுரை

நாயின் செயலைக் கல்லில் பொறித்துப் போற்றிய மரபு தமிழகத்திற்கு உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள, முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல், வீரன் ஒருவனோடு அவன் வளர்த்த கோவிவன் என்னும் நாயையும் பெயர் சுட்டிக் குறிப்பிடுகிறது. கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செயலுக்காக அந்நாய்க்கு அச்சிறப்புக் கிடைத்தது. களத்தில் நின்ற நாய்க்குக் கல் உண்டு. ஆனால் முதுமையாலும் நோயாலும் வீட்டு முற்றத்தில் படுத்துவிட்ட நாயின் கடைசி நாள்களைப் பற்றிக் கல் எதுவும் பேசுவதில்லை. அந்நாள்களில் வளர்த்தவர் செய்யவேண்டியது யாது என்னும் வினாவிற்கு விடை தேட, அண்மைக் கால வரலாற்றை நாடவேண்டியுள்ளது.

இன்றைய தமிழில் இச்செயலுக்கு வழங்கும் ‘கருணைக்கொலை’ என்னும் சொல்லே இவ்வினாவின் முரணைத் தன்னுள் கொண்டுள்ளது. முற்பகுதி செயலின் நோக்கத்தைக் கூறுகிறது. பிற்பகுதி செயலைக் கூறுகிறது. வீட்டார் பேச்சில் இது ‘ஊசி போட்டுவிடுதல்’ என்று தணிகிறது. சொல்லத் தயங்குவதன் பின்னால் உள்ள குற்ற உணர்வே இவ்விவாதத்தின் உட்பொருள் எனலாம்.

அகமதாபாத்து நாய்கள் (1926)

அகமதாபாத்தின் ஆலை உரிமையாளர் அம்பாலால் சாராபாய், தம் ஆலை வளாகத்தில் திரிந்த ஏறத்தாழ 60 நாய்களைக் கொல்லச் செய்தார். அவற்றுள் வெறிநோய் தோன்றியதே காரணம். அந்நகரின் ஜீவதயை அமைப்பினர் இச்செயலின் அறத்தைக் குறித்துக் காந்தியடிகளிடம் வினவினர். அவர் அதனைத் தவிர்க்க இயலாத செயல் என்று கருதினார். எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. அவற்றிற்கு விடையாக ‘யங் இந்தியா’ இதழில் தொடர் கட்டுரைகள் எழுதினார்.

இத்தொடரில் இரண்டு கருத்துகள் கவனத்திற்குரியன. ஒன்று, சமூகத்தின் பாதுகாப்பிற்காக நாய்களைக் கொல்வதை அவர் அகிம்சை என்று கூறவில்லை; வேறு வழியின்றி நேரும் இம்சை என்றே கொண்டார். மற்றொன்று, உரிமையாளர் இல்லாமல் நாய் தெருவில் திரிவது சமூகத்தின் இழிவு என்றார். தெருநாய்க்கு ஒரு பிடி சோறு எறிவது கருணையாகாது. நாயை விரும்புவோர் அதனைத் தமதாக ஏற்று மதிப்புடன் பேணவேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. நாயை ஏற்றவர் அதன் வாழ்வு முழுவதற்கும் பொறுப்பேற்கிறார் என்னும் முடிவிற்கு இக்கருத்து இட்டுச்செல்கிறது. அப்பொறுப்பில் இறுதி நாள்களும் அடங்கும்.

சபர்மதிக் கன்று (1928)

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், சபர்மதி ஆசிரமத்தில் கன்று ஒன்று ஊனமுற்று, தாங்கொணா வேதனையில் கிடந்தது. இயன்ற மருத்துவம் அனைத்தும் செய்யப்பட்டது. கால்நடை மருத்துவர் கைவிரித்த பின்னர், காந்தியடிகள் ஆசிரம நிர்வாகக் குழுவினரிடம் கருத்துக் கேட்டார். படைக்க இயலாத உயிரைப் பறிக்க மனிதனுக்கு உரிமையில்லை என்று சிலர் மறுத்தனர். தன்னலத்திற்காகக் கொல்லும்போதுதான் அவ்வாதம் பொருந்தும் என்பது அவர் விடை. இறுதியில் தாமே பொறுப்பேற்று, தம் முன்னிலையிலேயே மருத்துவரைக் கொண்டு கன்றுக்கு நஞ்சூசி போடச் செய்தார். சில நிமிடங்களில் அனைத்தும் முடிந்தது.

பசுவைப் புனிதமாகப் போற்றும் மண்ணில், அகிம்சையின் பெயரால் வாழ்ந்த ஓர் ஆசிரமத்தில் நிகழ்ந்த இச்செயல் கடும் கண்டனத்திற்கு உள்ளானது. நோயுற்ற விலங்குகளை இயற்கைச் சாவு வரும்வரை பேணும் பிஞ்ச்ராபோல் மரபு குஜராத்தில் வேரூன்றியது என்பதையும் இங்கு நினைவிற்கொள்ளல் வேண்டும். காந்தியடிகள் ‘நவஜீவன்’, ‘யங் இந்தியா’ ஆகிய இதழ்களில் தம் செயலை விளக்கினார். அறுவை மருத்துவர் கத்தியைக் கையாள்வது இம்சையாகாததுபோல, துன்புறும் உயிரின் நன்மைக்காகவே செய்யப்படும் இச்செயலும் இம்சையாகாது என்றார். அதே எழுத்தில், பயிரை அழிக்கும் குரங்குகளைக் கொல்ல நேரின் அது இம்சையே என்று ஒப்புக்கொண்டார். அங்கு நோக்கம் குரங்கின் நன்மையன்று, உழவர் நன்மையே.

தொடர்ந்த விவாதத்தில் அவர் நான்கு நிபந்தனைகளை வகுத்தார். நோய் தீராததாக இருத்தல் வேண்டும். தொடர்புடைய அனைவரும் பிழைக்கும் நம்பிக்கையை இழந்திருத்தல் வேண்டும். எவ்வகை உதவியும் பணிவிடையும் பயன்தராத நிலை இருத்தல் வேண்டும். தன் விருப்பத்தைத் தெரிவிக்க அவ்வுயிருக்கு இயலாதிருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் உயிரைப் போக்குதல் அகிம்சையாகாது.

மூவகை நோக்கங்கள்

மேற்கண்டவற்றிலிருந்து கொலையின் நோக்கம் மூவகையாகப் பிரிவதைக் காணலாம். நாய்களின் நிகழ்வில் நோக்கம் பிறர் பாதுகாப்பு. குரங்குகளின் நிகழ்வில் மனிதனின் பயன். கன்றின் நிகழ்வில் துன்புறும் உயிரின் விடுதலை. மூன்றாவதை மட்டுமே காந்தியடிகள் அகிம்சையாக ஏற்றார்.

வளர்ப்பு நாயை இப்பாகுபாட்டில் பொருத்தும்போது சிக்கல் தெளிவாகிறது. நடக்கமாட்டாத முதிய நாயைத் தூக்கிச் சுமத்தல், இரவு முழுதும் விழித்திருத்தல், மருத்துவச் செலவு, வீடெங்கும் சிறுநீர் கழித்தல் ஆகியன குடும்பத்தின் சுமைகள். நாயின் வலி நாயுடையது. முடிவெடுக்கும் நேரத்தில் இவ்விரண்டும் ஒரே மனத்தில் கலந்தே நிற்கின்றன. ‘வலியைப் போக்கத்தான் செய்தோமா, தொல்லை தீரச் செய்தோமா’ என்று பின்னாளில் வருத்தும் ஐயம் இக்கலப்பிலிருந்தே பிறக்கிறது. சுமை இருப்பதனாலேயே முடிவு தவறாகிவிடாது. சுமையை நீக்கிப் பார்த்த பின்னும் நாயின் வலி ஒன்றே அம்முடிவிற்குப் போதுமானதா என்பதே உரைகல்.

தன்னலம் எதிர்த்திசையிலும் இயங்கக்கூடும். உயிரைப் போக்க அஞ்சுவோர், சிறிது சிறிதாக நிகழும் சித்திரவதையைப் பொறுத்துக்கொள்வதைக் காந்தியடிகள் கடிந்துரைத்தார். பிரிவைத் தாங்க இயலாமல், உண்ணவும் எழவும் மாட்டாத நாயை நாள்கடத்தி வைத்திருப்பதும் வளர்த்தவரின் தேவையை நாயின் தேவைக்கு மேலாக வைப்பதேயாகும்.

சட்டம் வகுத்த இடம்

கலாசேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். விலங்குவதைத் தடுப்புக்கென அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா, அரசே சட்டம் இயற்றும் என்னும் பிரதமர் நேருவின் உறுதியை அடுத்துத் திரும்பப் பெறப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டப்படி 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவராகவும் அவரே பொறுப்பேற்றார்.

இச்சட்டத்தின் 13ஆம் பிரிவு துன்புறும் விலங்குகளின் உயிரை முடித்தல் பற்றியது. வதைக் குற்றத்திற்காக உரிமையாளர் தண்டிக்கப்பட்ட நிலையில், விலங்கை உயிருடன் வைத்திருப்பதே கொடுமை எனக் கண்டால் நீதிமன்றம் அதனை முடித்துவைக்க ஆணையிடலாம். கடும் காயமோ நோயோ உற்ற விலங்கின் உரிமையாளர் இல்லாதபோதும் இசைவு மறுக்கும்போதும் கால்நடை மருத்துவ அலுவலரை அழைத்து, அவர் சான்றின்படி செயல்படவும் இப்பிரிவு வழிசெய்கிறது. ஆகவே இப்பிரிவு பேசுவது குற்றவாளியான, இல்லாத அல்லது மறுக்கும் உரிமையாளரைப் பற்றியே. அன்புடன் வளர்த்து, அருகிலேயே அமர்ந்து கலங்கும் உரிமையாளரைப் பற்றி அது பேசவில்லை. அம்முடிவு அவருடைய மனச்சான்றுக்கும் மருத்துவரின் அறிவுரைக்கும் விடப்பட்டுள்ளது.

தெருநாய்களைப் பொறுத்தவரை, 2001ஆம் ஆண்டு நாய்கள் கருத்தடை விதிகள் தெளிவான வரையறை தந்தன. குணப்படுத்த இயலாத நோயோ உயிர்பிழைக்க இயலாத காயமோ உற்றதெனத் தகுதி பெற்ற கால்நடை மருத்துவர் கண்டறிந்த நாய்களை மட்டுமே, அத்தகு மருத்துவரே, வதையில்லா முறையில் முடித்துவைக்கலாம். பெரிய நாய்களுக்குச் சோடியம் பென்டத்தால் என்னும் மயக்க மருந்து குறிக்கப்பட்டது. இம்மருந்து மிகுதியாகச் செலுத்தப்படும்போது முதலில் நினைவு அகல்கிறது. அதன்பின்னரே மூச்சும் இதயமும் அடங்குகின்றன. ஒரு நாயின் கண்முன் மற்றொரு நாயின் உயிரை முடித்தல் கூடாது என்றும் விதிகள் கூறின. 2023இல் புதிய விதிகள் இவற்றின் இடத்தைப் பெற்றன. நகரப் பாதுகாப்பிற்காகத் தெருநாய்களைக் கூட்டமாகக் கொல்லும் பழைய வழக்கிலிருந்து விலகி, தனி ஒரு நாயின் நோய்நிலையை ஆராயும் நெறிக்குச் சட்டம் நகர்ந்துள்ளதை இவ்விதிகள் காட்டுகின்றன. 1926இன் அகமதாபாத்திலிருந்து 1928இன் சபர்மதிக்கு நிகழ்ந்த நகர்வே அது.

நிபந்தனைகளும் இன்றைய மருத்துவமும்

அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் வாழ்வுத்தர அளவுகோல் ஒன்றை வெளியிட்டார். வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் மிகுந்திருத்தல் ஆகிய ஏழிற்கும் 10 வரை மதிப்பெண் இடுவது அதன் முறை. மொத்தம் 35ஐக் கடந்தால் பேணுதலைத் தொடரலாம் என்பது அதன் கணிப்பு.

இதனைக் காந்தியடிகளின் நிபந்தனைகளோடு ஒப்பிட்டால் ஒற்றுமையும் வேற்றுமையும் புலனாகும். இரண்டும் நாயின் நிலையிலிருந்தே தொடங்குகின்றன. ஆனால் அளவுகோல் நாள்தோறும் கூடிக்குறையும் வாழ்வை அளக்கிறது. நிபந்தனைகளோ கடைசி எல்லையை மட்டும் சுட்டுகின்றன. பணிவிடை பயன்தராத நிலை என்னும் மூன்றாம் நிபந்தனை மருத்துவ வளர்ச்சியோடு இடம்பெயரக்கூடியது. 1928இல் தணிக்க இயலாத வலியை இன்றைய வலிநீக்கிகள் தணிக்கலாம். அப்போது காத்திருப்பதே கடமை. அவையும் பயன்தராதபோது காத்திருப்பு அக்கடமையை மீறுவதாகிறது. நான்காம் நிபந்தனையே குடும்பத்தாரை மிகவும் வருத்துவது. நாய் தன் விருப்பத்தைச் சொல்லாது. அதனாலேயே அதற்காக முடிவெடுக்கும் சுமையை வேறெவரிடமும் இறக்கிவைக்க இயலாது.

முடிவுரை

நோயுற்ற நாயின் இறுதி முடிவு குறித்த சிந்தனை இந்தியச் சூழலுக்கு அயலானது அன்று. உயிரைப் பேணும் மரபிற்கும் வலியை நீக்கும் கடமைக்கும் இடையே 1928இல் நிகழ்ந்த மோதல், நோக்கத்தைப் பகுத்தறியும் தெளிவான முறை ஒன்றை விட்டுச்சென்றுள்ளது. பின்வந்த சட்டம் தெருநாய்க்கும் வதைபட்ட விலங்கிற்கும் நெறி வகுத்து, வீட்டு நாயின் முடிவை வளர்த்தவரிடமே விட்டது. சபர்மதி நிகழ்வில் காந்தியடிகள் மருத்துவத்தை முழுதும் முயன்றார். மறுப்போர் சொல்லையும் கேட்டார். முடிவைத் தாமே ஏற்றார். ஊசி போடப்பட்டபோது விலகிச் செல்லாமல் உடனிருந்தார். நாயை வளர்த்தவர் இந்நான்கையும் செய்திருந்தால், பிரிவின் துயரம் அவரிடம் எஞ்சலாம். குற்ற உணர்வு எஞ்சவேண்டுவதில்லை.