தாளில் தப்பும் தரவு: ஆதார் நகலும் சட்டத்தின் இடைவெளியும்

அண்மையில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில், பில் குத்தும் கம்பியில் ஆதார் ஜெராக்ஸ்கள் அடுக்கடுக்காகக் குத்தப்பட்டிருந்ததைப் பார்த்தேன். மேல் தாளில் ஒரு பெண்ணின் முகம், பிறந்த தேதி, முகவரி, 12 இலக்க எண் எல்லாம் எதிரே நிற்பவர் படிக்கும்படி இருந்தன. அவர் முகத்தின் மேலேயே என் நகலும் குத்தப்பட்டது. அந்தத் தாள்களைக் காக்க நம்மிடம் என்ன சட்டம் இருக்கிறது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 26 தீர்ப்பு, தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க வழிவிட்ட ஆதார் சட்டத்தின் 57ஆம் பிரிவின் பகுதியை நீக்கியது. அச்சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 8ஏ பிரிவு இன்னும் தெளிவானது: ஆஃப்லைன் முறையில் அடையாளம் சரிபார்க்கும் நிறுவனம் எந்த நோக்கத்துக்காகவும் ஆதார் எண்ணைத் திரட்டவோ, பயன்படுத்தவோ, சேமிக்கவோ கூடாது. எண் மறைக்கப்படாத நகலை வாங்கிக் கம்பியில் குத்துவது திரட்டலும் சேமிப்பும் அல்லாமல் வேறென்ன? 'நாங்கள் சரிபார்க்கவில்லை, நகல் மட்டும்தான் வாங்கினோம்' என்ற வாதத்தை ஏற்றால், முறையாகச் சரிபார்ப்பவருக்குக் கட்டுப்பாடு, வெறுமனே நகல் பிடுங்குபவருக்கு விடுதலை என்றாகிவிடும். சட்டத்தின் நோக்கம் அதுவாக இருக்க முடியாது.

ஆனால் சட்டத்தை அமல்படுத்த வேண்டியவர்களே தடுமாறினார்கள். 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், நகலை யாரிடமும் கொடுக்க வேண்டாம், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள் என்று எச்சரித்தது. ஆணையத்தின் உரிமம் பெறாத விடுதிகளும் திரையரங்குகளும் நகல் வாங்கி வைக்கக்கூடாது என்றும் சொன்னது. இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. சரியான அறிவுரை போய், 'வழக்கமான கவனத்தோடு இருங்கள்' என்ற வார்த்தை மட்டும் மிஞ்சியது.

2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தக் குறையைத் தீர்க்கும் என்று பலர் நம்புகிறார்கள். 2025 நவம்பரில் அதன் விதிகளும் வந்துவிட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் 3ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். டிஜிட்டலாகத் திரட்டிய தரவுக்கும், தாளில் வாங்கிப் பின்னர் டிஜிட்டலாக மாற்றிய தரவுக்கும் மட்டுமே சட்டம் பொருந்தும். செல்போனில் படம் பிடித்தால் சட்டம் உண்டு. தாளாகவே கிடந்தால் இல்லை. ஜெராக்ஸ் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கும் நாட்டில் இது சிறிய ஓட்டையல்ல. சிங்கப்பூரில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தாளுக்கும் பொருந்தும். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கோரினாலோ ஆளை மிகத் துல்லியமாக உறுதிசெய்யும் தேவை இருந்தாலோ ஒழிய, அங்கே தனியார் நிறுவனங்கள் அடையாள அட்டையை நகலெடுக்க முடியாது. அரசு அமைப்புகளை விலக்கியது அந்த ஏற்பாட்டின் குறை.

'போலீஸ் கேட்கிறார்கள்' என்பது விடுதிக்காரர்கள் சொல்லும் காரணம். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் யார் தங்கினார் என்பதற்குப் பதிவேட்டில் பெயர், அட்டை வகை, கடைசி 4 இலக்கங்கள் போதும். ஆதாரின் கியூஆர் குறியீட்டில் ஆணையத்தின் டிஜிட்டல் கையொப்பத்தோடு புகைப்படமும் விவரங்களும் இருக்கின்றன. ஸ்கேன் செய்தால் அட்டை அசலா என்று தெரிந்துவிடும். ஜெராக்ஸில் எதையும் வெட்டி ஒட்டி மாற்றலாம். சான்றாக வலுவற்றதும் ஆபத்து மிகுந்ததுமான ஒன்றையே நாம் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

பொறுப்பை மக்கள் தலையில் மட்டும் கட்டுவதும் தவறு. மறைப்பு ஆதாரைத் தரவிறக்க ஓடிபி வர வேண்டும். கைப்பேசி எண்ணை இணைக்காத முதியவர் என்ன செய்வார்? அதனால் கேட்பவரைத்தான் தடுக்க வேண்டும். 2023 சட்டத்தின் 3ஆம் பிரிவில் தாள் ஆவணங்களையும் நாடாளுமன்றம் சேர்க்க வேண்டும். திரும்பப் பெற்ற 2022 எச்சரிக்கையை ஆணையம் கட்டாய விதியாகவே வெளியிட வேண்டும். அதுவரை, முடிந்தவர்கள் மறைப்பு ஆதாரையே நீட்டுங்கள். நகலின் குறுக்கே எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் தேதியையும் எழுதிக் கையெழுத்திடுங்கள்.