நடுங்கும் கை, நடுங்காத எண்: பாதரசச் சுரங்கங்களும் உடலைக் கணக்கிடுதலும்

1

ஸ்பானிய மொழியில் 'அசோகாதோ' என்றொரு சொல் உண்டு. பாதரசத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'அசோகே'. அரபியிலிருந்து போன சொல். அசோகாதோ என்றால் பாதரசம் ஏறியவன், நடுங்குகிறவன். பயத்தில் வெடவெடக்கிற யாரையும் இப்படிச் சொல்வது அங்கே பேச்சு வழக்கு. ஒரு தொழில்நோய் ஊர்ப்பேச்சாக மாற எத்தனை தலைமுறைக் கைகள் நடுங்கியிருக்க வேண்டும்! ஆக, பாதரசம் உடம்பை என்ன செய்யும் என்பது ரகசியமாக இருந்ததில்லை. சந்தைக்குப் போகிறவனுக்கும் தெரிந்த சங்கதி அது.

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. சுரங்கப் பகுதிகளின் பாதரச மாசு பற்றிப் பேச்செடுத்தாலே, 'அந்தக் காலத்துல யாருக்கும் தெரியாது, இப்பத்தான் விஞ்ஞானம் அளந்து சொல்லுது' என்கிற கதையாடல் முன்னால் வந்து நின்றுகொள்கிறது. 'இடர் மதிப்பீடு' என்னும் நவீனத் துறை இந்தக் கதையாடலின் மீதுதான் தன் நாற்காலியைப் போட்டிருக்கிறது. வரலாறு வேறு மாதிரிச் சொல்கிறது. தெரியுமா தெரியாதா என்பது இங்கே கேள்வியல்ல. எது எண்ணப்பட்டது, யாருக்காக எண்ணப்பட்டது, நடுங்கியவன் வாயைத் திறக்க விட்டார்களா என்பதுதான் கேள்வி.

2

நாம் சாதிலிங்கம் என்று சொல்கிற சிவப்புத் தாதுவைச் சூளையில் வாட்டினால் ஆவி கிளம்பும். ஆவி குளிர்ந்தால் பாதரசம். ஸ்பெயினின் அல்மதேன் ஊரில் ரோமானியர் காலம் முதல் இதைத் தோண்டி வந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் அரசனிடமிருந்து இச்சுரங்கத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர்கள் ஃபுக்கர்கள். அரசர்களுக்கே கடன் கொடுத்த ஜெர்மானிய வணிகக் குடும்பம். கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. 1566 முதல், கப்பலில் துடுப்பு வலிக்கத் தண்டிக்கப்பட்ட கைதிகளை அரசு இங்கே அனுப்பியது.

1593இல் இந்தக் கைதிகளின் நிலையை விசாரித்துவர அரசு ஓர் அதிகாரியை அனுப்புகிறது. அவர் பெயர் மத்தேயோ அலெமான். பின்னால் 'குஸ்மான் தெ அல்ஃபராச்சே' (1599, 1604) நாவலை எழுதியவர். அவர் செய்தது எளிமையான காரியம். கைதிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சத்தியம் வாங்கி, சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். ராப்பகலாகத் தண்ணீர் இறைக்க வைத்தது, அடி, சூடு ஆறாத சூளைக்குள் இறங்கிச் சாம்பல் அள்ளியது, புகை ஏறிப் புத்தி பேதலித்துப் பிதற்றியபடியே செத்துப்போன கூட்டாளிகள், எல்லாம் அதில் இருக்கிறது. பாதரசச் சுரங்கத்தின் உடல்நலக் கேடுகளைத் தொழிலாளியின் வாக்குமூலத்திலிருந்து பதிவுசெய்த மிகப் பழைய ஆவணங்களில் இது ஒன்று. அது அப்போது அச்சேறவில்லை. ஆவணக் குவியலுக்குள் போனது 20ஆம் நூற்றாண்டில்தான் வெளியே வந்தது.

அலெமானின் நாவலில், கப்பல் தண்டனை பெற்ற ஒரு கைதிதான் தன் கதையைத் தானே சொல்கிறான். அறிக்கையில் புதைக்கப்பட்ட குரல் நாவலில் எழுந்து வந்தது என்று நேர்க்கோடு போட்டுவிட முடியாது. ஆனாலும் எழுத்தாளர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

3

அல்மதேனின் பாதரசத்துக்கு அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் ஏன் அத்தனை கிராக்கி? வெள்ளி. 1550களில் மெக்சிகோவில் பர்த்தலோமே தெ மெதினா, அரைத்த வெள்ளித் தாதுவோடு உப்பும் பாதரசமும் சேர்த்துப் பிசைந்து வெள்ளியைப் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1570களில் வைஸ்ராய் தொலேதோ இதை ஆண்டிஸ் மலையின் பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்குக் கொண்டுபோனார். பாதரசம் பெருவிலேயே கிடைத்தது. கடல் மட்டத்துக்கு 3,600 மீட்டருக்கு மேலே, ஹுவாங்காவெலிக்காவில்.

அங்கேயும் 'தெரியாது' என்ற பேச்சுக்கு இடமில்லை. இன்கா அரச குலத்துத் தாய்க்கும் ஸ்பானியத் தகப்பனுக்கும் பிறந்த கார்சிலாசோ தெ லா வேகா 1609இல் எழுதுகிறார்: பாதரசம் எடுப்பவர்களுக்கு நடுக்கமும் நினைவுக் குழப்பமும் வருவதைக் கண்டு இன்கா மன்னர்கள் அதை எடுக்கக்கூடாதென்று தடுத்தார்கள். உடனே 'ஆதிகுடிகளின் பொற்காலம்' என்று நாம் கொடி பிடித்துவிடக் கூடாது. கார்சிலாசோ தன் தாய்வழி அரசை உயர்த்திப் பிடித்தவர். ஹுவாங்காவெலிக்காவை ஒட்டிய ஏரிகளின் வண்டலை ஆய்ந்து 2009இல் வெளியான ஆய்வு, கி.மு. 1400 வாக்கிலேயே அங்கே பாதரச மாசு தொடங்கிவிட்டதைக் காட்டியது. சிவப்புச் சாயத்துக்காகச் சாதிலிங்கம் தோண்டியிருக்கிறார்கள். மேட்டுக்குடியின் அலங்காரத்துக்காக அன்றும் யாரோ மூச்சில் தூசியை வாங்கியிருக்கிறார்கள்.

ஸ்பானியர் செய்தது அதைப் பேரரசின் எந்திரமாக்கியது. ஊர் ஆண்களில் ஏழில் ஒரு பங்கு என்கிற கணக்கில் சுழற்சி முறைக் கட்டாய வேலை. 'மித்தா' என்று பெயர். மகனைச் சுரங்கத்துக்கு அனுப்பாமலிருக்கத் தாயே அவன் கைகாலை முடமாக்கிய செய்தி காலனிய காலத்து எழுத்துகளில் பதிவாகியிருக்கிறது. அந்தத் தாயும் ஓர் இடர் மதிப்பீடுதான் செய்தாள். முடம் எதிர் பாதரசம். எது குறைந்த கேடு என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

அரசும் எண்ணியது, வேறொன்றை எண்ணியது. பாதரசம் அரசின் ஏகபோகம். இத்தனை குவிண்டால் பாதரசம் வாங்கியவன் இத்தனை வெள்ளி எடுத்திருக்க வேண்டும் என்று விகிதம் போட்டு, வரி ஏய்ப்பவனைப் பிடித்தார்கள். ஒவ்வொரு துளி பாதரசத்துக்கும் கணக்கு இருந்தது. மித்தாவுக்கு வந்த தலைகளுக்கும் கணக்கு இருந்தது. திரும்பிப் போன கைகள் எப்படி இருந்தன என்பதற்குத்தான் பேரேட்டில் பத்தி இல்லை. 1616 முதல் 1619 வரை அங்கே ஆளுநராயிருந்த சட்ட அறிஞர் சொலோர்சானோ, விஷம் எலும்பின் மஜ்ஜை வரை இறங்கி, உடம்பு ஓயாமல் நடுங்கி, நாலு வருஷத்துக்குள் ஆள் போய்விடுவதை எழுதி வைத்தார். எழுதியதால் மித்தா நிற்கவில்லை. அங்கே அது சட்டப்படி ஒழிய 1812 ஆனது.

4

இப்போது நவீன எண்ணுக்கு வருவோம். பாதரச ஆவியை வாழ்நாள் முழுக்கச் சுவாசித்தாலும் கேடு வராது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1995இல் வைத்த அளவு, ஒரு கன மீட்டர் காற்றில் 0.3 மைக்ரோகிராம். இந்த எண் எங்கிருந்து வந்தது? ஆலைகளில் பாதரசத்தோடு வேலை பார்த்த தொழிலாளிகளை ஆய்ந்ததில், 25 மைக்ரோகிராம் அளவிலேயே கை நடுக்கமும் நினைவுத் தடுமாற்றமும் தெரிந்தன. தொழிலாளி வாரம் ஐந்து நாள், பகலில் மட்டும் சுவாசிக்கிறான். ஊர்க்காரர் ஏழு நாளும் ராப்பகலும் சுவாசிக்கிறார். அதைச் சரிக்கட்டினால் சுமார் 9. நிச்சயமின்மைக்காக அதை 30ஆல் வகுத்தால் 0.3.

கவனியுங்கள்: இன்றைய பாதுகாப்பு எண்ணின் அடியில் இருப்பதும் நடுங்கும் கைதான். அல்மதேன் கைதி சொன்ன அதே நடுக்கம். ஆனால் எண் ஆனதும் கை மறைந்துபோகிறது. அளவீட்டைத் தூக்கியெறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எண் இல்லாவிட்டால் வழக்கு மன்றத்தில் நமக்குக் கையில் எதுவுமே இருக்காது. ஹுவாங்காவெலிக்காவில் சுரங்கக் கழிவு கலந்த மண்ணைக் குழைத்துக் கட்டிய வீடுகளில் ஜனங்கள் இன்றும் குடியிருக்கிறார்கள். அந்தச் சுவர்களும் மண் தரைகளும் பாதரசம் ஏறியவை என்று 2010களில் நிறுவியது அளவீடுதான். சுரங்கம் மூடிப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அது சுவராக நின்று மூச்சு விடுகிறது. அளக்காமல் இது தெரிய வந்திருக்காது.

பிரச்சினை, அளவு அனுமதியாக மாறும் இடத்தில் இருக்கிறது. 'இதற்கு மேல் கூடாது' என்று தொடங்கும் வாக்கியம், கம்பெனியின் கைக்குப் போனதும் 'இதுவரை போகலாம்' என்று படிக்கப்படுகிறது. தவிர, எந்த உடம்புக்கு அந்தக் கணக்கு? அமெரிக்க மதிப்பீடுகளில் வயதுவந்தவரின் எடை நெடுங்காலம் 70 கிலோ. 2014இல் 80 ஆக்கினார்கள். குழந்தைக்குத் தனிக் கணக்கு உண்டுதான். ஆனால் அரைவயிற்றுக் கஞ்சியோடு, பாதரசத்தோடு ஈயமும் ஆர்செனிக்கும் சேர்ந்து ஏறும் ஒரே உடம்பை, பத்தி பத்தியாகப் பிரித்துத்தான் தாளில் போடுகிறார்கள்.

5

கதை முடியவில்லை. மனிதச் செயலால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் பெரும்பங்கு, 2015ஆம் ஆண்டுக் கணக்கில் சுமார் 38 சதவீதம், சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்து வருவதாக ஐ.நா. அறிக்கை சொன்னது. அமேசானில் தங்கம் கழுவுகிற ஏழைதான் ஆவியை முதலில் விழுங்குகிறான். ஆற்றில் அது மெதில் பாதரசமாகி மீனுக்குப் போய், மீனிலிருந்து முண்டுருக்கு, யனோமாமி மக்களின் குழந்தைகளுக்குப் போகிறது. 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா ஒப்பந்தம் இங்கே பாதரசத்தைக் குறைக்கச் சொல்கிறது. முடிந்த இடத்தில் ஒழிக்கச் சொல்கிறது. 'முடிந்த இடம்' எது என்பதில்தான் அரசியலே இருக்கிறது.

நமக்கும் இது தூரத்துச் சங்கதி இல்லை. கொடைக்கானலில் இருந்தது சுரங்கமல்ல, தெர்மாமீட்டர் ஆலை, 2001இல் மூடப்பட்டது. அதற்குப் பிறகும் அந்த மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்பதே ஆண்டுக்கணக்கில் சண்டை. கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை மண்ணில் இருக்கலாம் என்ற அளவை இடர் மதிப்பீடு கொண்டுதான் நியாயப்படுத்தினார்கள். போதாது, இன்னும் கடுமையான அளவு வேண்டும் என்றவர்கள் தொழிலாளிகளும் செயல்பாட்டாளர்களும்.

இனி ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கனத்த மதிப்பீட்டு அறிக்கையை மேசையில் வைத்தால், அதை எதிர்த்தோ ஏற்றோ பேசுமுன் சில கேள்விகள் கேட்போம். இந்த எண் யாருடைய உடம்பிலிருந்து எடுத்தது? எந்த உடம்புக்குப் பொருத்தியிருக்கிறீர்கள்? அறிக்கைக்குச் சம்பளம் கொடுத்தது யார்? இங்கே வேலை பார்த்தவர்களில் யாரை உட்கார வைத்துப் பேசச் சொல்லி எழுதிக்கொண்டீர்கள்? கடைசிக் கேள்வியை ஓர் அரசு அதிகாரி 1593இலேயே கேட்டுப் பதில் எழுதி வைத்திருக்கிறார். அதைவிடக் கீழே நாம் இறங்க வேண்டியதில்லை.