ஊதிப் போட்ட கேசட்

சென்ற மாதம் நம் சங்கம் மின்னணுக் கழிவு சேகரித்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு நினைவிருக்கும். பழைய மிக்ஸி, செத்துப்போன யூபிஎஸ், கீபோர்டுகளுக்கு நடுவே ஒரு வெள்ளை டப்பா கிடந்தது. அதோடு இரண்டு ரிமோட், ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி, மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அது என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. கொண்டுவந்து போட்டவர் பி பிளாக் மாமி. அவரிடம் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். ஓடுகிறது!

அந்த டப்பாவின் பூர்வீகம் ஜப்பான். 1983 ஜூலை 15 அன்று 14,800 யென் விலையில் நிண்டெண்டோ வெளியிட்ட ‘ஃபேமிகாம்’தான் அதன் மூதாதை. வடிவமைத்த குழுவுக்குத் தலைவர் மசாயுகி உவேமுரா என்ற பொறியாளர். இரண்டு ஆண்டு கழித்து வேறு உருவத்தில் அமெரிக்காவுக்குப் போனபோது, நிறுவனத்தின் அனுமதி பெறாத கேசட்டைப் போட்டால் ஓடாதபடி உள்ளே ஒரு பூட்டுச் சில்லு வைத்தார்கள். ஜப்பானிய மாடலில் அந்தப் பூட்டு கிடையாது. அதைப் பார்த்து தைவானிலும் சீனாவிலும் நகல்கள் கிளம்பின. நம் ஊருக்கு ‘லிட்டில் மாஸ்டர்’, ‘டெர்மினேட்டர்’ என்று விதவிதமான பெயர்களில் வந்தவை அந்த வம்சம்தான். ரிச்சி தெருவிலோ பர்மா பஜாரிலோ அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேரம் முடியும்வரை நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கலாம். அசல் ஃபேமிகாமை நம்மில் பலர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நாம் ஏங்குவதெல்லாம் நகலுக்காகத்தான். பூட்டு இல்லாமல் போனதால் நமக்குக் கிடைத்த பால்யம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

கேசட்டின் மேல் ‘9999999 இன் 1’ என்று அச்சிட்டிருக்கும். கோடிக்கு ஒன்று குறைவு என்று எண்ணி மகிழ்ந்தோம். போட்டுப் பார்த்தால் ஏழெட்டு விளையாட்டுகள்தான் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். அதற்காக யாரும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனதாக நினைவில்லை. மரியோ, கான்ட்ரா, வாத்து சுடுகிற ‘டக் ஹன்ட்’ மூன்றும் இருந்தால் போதும்.

உள்ளே இருந்த சரக்கு எவ்வளவு தெரியுமா? 1985இல் வந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ முழுவதும் 40 கிலோபைட். நம் வாட்ஸ்அப் குழுவில் தினமும் வரும் காலை வணக்கப் படம் பெரும்பாலும் அதைவிடப் பெரியது. இடத்தை மிச்சப்படுத்த, வானத்து மேகத்துக்கும் தரையில் இருக்கும் புதருக்கும் ஒரே படத்தையே நிறம் மாற்றிப் போட்டார்கள். இத்தனை ஆண்டு கழித்துத் தெரிந்ததும் எனக்கு என்னவோ ஏமாந்த மாதிரி இருந்தது; பிறகு மரியாதைதான் கூடியது.

கேசட் ஓடாவிட்டால் கழற்றி ஊதிப் போடுவோமே, அது வீண் வேலையாம். கழற்றி மறுபடி செருகும்போது தொடுமுனைகள் சரியாகப் பொருந்துவதால்தான் ஓடியது. வாயின் ஈரம் உலோகத்தை அரிக்கும் என்பதால் ஊதாதீர்கள் என்று நிண்டெண்டோவே சொல்லியிருக்கிறது. நான் போன வாரமும் ஊதித்தான் போட்டேன்.

அந்த விளையாட்டுகள் கடினம். நடுவில் நிறுத்திச் சேமிக்கவும் வழியில்லை. கரண்ட் போனால் முதலிலிருந்து. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ தொடங்கினால் டிவி நம்முடையது இல்லை. கான்ட்ராவில் முப்பது உயிர் கிடைக்க மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ என்று அழுத்துவோமே, அதைக் கண்டுபிடித்தவர் கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986இல் ‘கிராடியஸ்’ விளையாட்டைச் சோதித்துப் பார்க்க அவருக்கே கடினமாக இருந்ததால் தன் வசதிக்காக வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. இணையம் இல்லாத காலத்தில் அது நம் தெருவுக்கு எப்படி வந்தது? யாரோ ஒருவருடைய சித்தப்பா பையன் சொல்லித்தான்.

இன்றைய விளையாட்டுகள் மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. என் மகள் விளையாடுவதைப் பார்க்கிறேன். கதை, இசை, காட்சி எல்லாம் நாம் கனவிலும் காணாதவை. ஹெட்செட்டில் சி பிளாக் தோழியோடு பேசிக்கொண்டே ஆடுகிறாள். ‘அவளை இங்கே வரச் சொல்லேன்’ என்றால், ‘அதுக்கு இன்னொரு கம்ப்யூட்டர் வேணும்ப்பா’ என்கிறாள். நமக்கு ஒரு டிவி, இரண்டு ரிமோட். செத்தால் ரிமோட்டை அடுத்தவனிடம் கொடுக்க வேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. 2014இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று நிறுத்திவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் கையில் இருந்தும் ஆட முடியாது. நிண்டெண்டோவும் தன் வீ யூ, 3டிஎஸ் கருவிகளுக்கான இணையக் கடையை 2023 மார்ச்சில் மூடியது. அதில் மட்டும் விற்ற விளையாட்டுகளை இனிப் புதிதாக வாங்க வழியில்லை. நாம் கேசட்டைக் கடன் கொடுத்தோம், மாற்றிக்கொண்டோம், திருப்பித் தராதவனோடு பேசாமல் இருந்தோம். முப்பது ஆண்டு பரணில் கிடந்த மஞ்சள் கேசட் யாரிடமும் அனுமதி கேட்காமல் போன வாரம் என் வீட்டில் ஓடியது.

ஒன்றைத் தவிர. துப்பாக்கி வேலை செய்யவில்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு நொடியின் சிறு பகுதிக்குக் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி முனையில் இருக்கும் உணரி அந்த வெளிச்சத்தைப் பிடிக்கும். பழைய பிக்சர் டியூப் டிவியில் படம் உடனுக்குடன் விழுந்தது. இன்றைய தட்டை டிவி படத்தைச் சரிசெய்து காட்டுவதற்குள் சற்றே தாமதமாகிறது. துப்பாக்கி வெளிச்சத்தைத் தேடும் கணத்தில் திரையில் வெளிச்சம் இன்னும் வந்திருக்காது. எத்தனை சுட்டாலும் வாத்து தப்பித்து, நாய் எழுந்து சிரிக்கிறது.

டப்பா ஓடுகிறது என்று பி பிளாக் மாமியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘தூக்கிப் போட்டது அவனுக்குத் தெரியாது, டிசம்பர்ல வரான்’ என்றார். மகன் ஊரை விட்டுப் போய்ப் பதினாறு வருடமாகிறது.

எனவே வாசகர்களே, உங்கள் வீட்டுப் பரணிலோ ஸ்டோர் ரூமிலோ வேலை செய்கிற பிக்சர் டியூப் டிவி இருந்தால் அடுத்த கழிவு சேகரிப்புக்குக் கொடுத்துவிடாதீர்கள். சங்க அலுவலகத்தில் சொல்லிவையுங்கள். 14 அங்குலம் போதும். தூக்கி வர நானே ஆள் அழைத்து வருகிறேன்.