துலாம் 1094இல் ‘பனி’: காரக்கோணம் எல்லைப்புற மரணப் பதிவுகளில் ஒரு நோய்ச்சொல்லை வாசிக்கும் முறை

நெய்யாற்றின்கரை வட்டத்தின் கிழக்கோரத்தில், விளவங்கோட்டை ஒட்டிக் கிடக்கும் காரக்கோணம், பாறசாலை, வெள்ளறடைச் சிற்றூர்களின் பழைய மரணப் பதிவுகளில் காரணம் என்னும் கட்டத்தில் ‘பனி’ என்று எழுதியிருந்தால், அதை மலேரியா என்று பெயர்த்துக் குலவரலாற்று அட்டவணையில் ஏற்றிவிடும் வழக்கம் கேள்வியின்றி நிலைத்துவிட்டது. மலையடிவார ஊர், காய்ச்சல், ஆகவே மலேரியா என்னும் அந்த அனுமானம் சொல்லை மட்டும் பார்க்கிறது. சொல்லுக்குப் பக்கத்துக் கட்டங்களில் இருக்கும் தேதியையும் வயதையும் வீட்டுப்பெயரையும் பார்ப்பதில்லை. இந்தக் கட்டங்களைச் சேர்த்து வாசித்தால், கொல்லம் 1094ஆம் ஆண்டின் துலாம், விருச்சிக மாதங்களில் கொத்தாக வரும் ‘பனி’ மரணங்களை 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுவென்சாக் கொள்ளைநோயோடு இணைத்தே வாசிக்க வேண்டும் என்பதும், பரவலாகக் கையாளப்படும் ஆண்டுமாற்று முறையே அந்த இணைப்பை மறைத்துவந்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

‘பனி’ இவ்வெல்லைப்புறத்தில் உடம்புச் சூட்டைக் குறிக்கும் பொதுச்சொல். மலையாளத்தில் அதற்கு இன்று வழங்கும் பொருளும் அதுவே. எல்லைக்கு இப்பால் விளவங்கோடு, கல்குளம் பகுதித் தமிழிலும் ‘பனி பிடித்திருக்கிறது’ என்பது அன்றாடப் பேச்சு. திருநெல்வேலிக்கு வடக்கேயுள்ள தமிழ் வாசகர் அதைக் குளிர் என்றோ சளிக்காய்ச்சல் என்றோ எடுத்துக்கொள்வது வேறொரு தவறு. அது எளிதில் திருந்தும். மலேரியா என்று பெயர்ப்பதுதான் கடினமான தவறு, ஏனெனில் அது துல்லியத்தின் வேடத்தில் வருகிறது. காய்ச்சல் என்பது நோயன்று, நோயின் அடையாளம் என்ற வேறுபாட்டைப் பதிவு செய்தவர் அறியார் என்பதல்ல. அந்த வேறுபாட்டை எழுதும்படி அவரை யாரும் கேட்கவில்லை. பிரித்தானிய இந்தியாவின் மரணக் கணக்குகளிலும் இதே நிலைதான்: காலரா, அம்மை, வயிற்றுப்போக்கு, காயம் போன்ற சில தலைப்புகளுக்குள் அடங்காதவற்றில் பெரும்பாலானவை ‘காய்ச்சல்’ என்னும் பெருங்கட்டத்தில் விழுந்தன, பதிவான மரணங்களில் பெரும்பங்கை அந்த ஒரு கட்டமே விழுங்கிற்று. 1918இன் இன்ஃபுளுவென்சா மரணங்களும் பெரும்பாலும் அதில்தான் புதைந்தன. பின்னாளில் ஆய்வாளர்கள் சிலர் அவற்றை அந்தக் கட்டத்தின் வழக்கமான அளவுக்கு மேற்பட்ட பெருக்கத்தைக் கொண்டு கணித்தார்கள்.

எனவே ஒரு மரணப் பதிவின் சொல்லை வாசிக்குமுன் அது எந்தக் கேள்விக்கு விடையாக எழுதப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். கத்தோலிக்கப் பதிவேடுகள் இதற்குத் தெளிவான சான்று. 1614இல் வெளியான ரோமைச் சடங்குநூல் மரணப் பதிவேட்டுக்கு வகுத்த வாசகத்தில் இறந்தவரின் பெயர், பெற்றோர், ஊர், வயது, இறந்த வீடு, அடக்க இடம் ஆகியவற்றோடு, பாவசங்கீர்த்தனம் செய்தாரா, கடைசி நற்கருணை பெற்றாரா, அவஸ்தைப் பூசுதல் பெற்றாரா என்பவை இடம்பெறுகின்றன; மரணகாரணம் இடம்பெறவில்லை. அத்தகைய பதிவேட்டில் ‘திடீரென’ என்ற பொருளுடைய லத்தீன் சொல் வந்தால், அது மாரடைப்பைக் குறிக்கவில்லை. குருவானவர் வந்து சேருமுன் உயிர் பிரிந்ததால் அருட்சாதனங்கள் வழங்கப்படவில்லை என்னும் விளக்கத்தையே தருகிறது. பாம்பு தீண்டியவரும் பனையிலிருந்து விழுந்தவரும் வாந்திபேதியில் ஒரே இரவில் மாண்டவரும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்குவர். லண்டன் மிஷன் வழிவந்த சபைகளின் அடக்கப் பதிவில் காரணக் கட்டம் இருந்தாலும், அதை நிரப்பியவர் வீட்டார் சொன்னதைக் கேட்டு எழுதிய உபதேசியார். மருத்துவர் அதில் எங்கும் இல்லை.

இனித் தேதிக்கு வருவோம். திருவிதாங்கூர்ச் சர்க்கார் ஆவணங்களும் வீட்டுக் கணக்குகளும் கொல்லம் ஆண்டையே பின்பற்றின. சபைகளிலும் கல்லறைகளிலும் கொல்லம் ஆண்டும் கிறிஸ்தவ ஆண்டும் கலந்தே வரும். கொல்லம் ஆண்டு இந்தத் தென்பகுதியில் சிங்ஙம், அதாவது ஆவணி மாதத்தில் பிறக்கிறது. ஆகவே சிங்ஙம் முதல் டிசம்பர் முடிய 824ஐயும், ஜனவரி முதல் கர்க்கடகம் முடிய 825ஐயும் கூட்டினால்தான் சரியான ஆங்கில ஆண்டு கிடைக்கும். நடைமுறையிலோ எல்லாவற்றுக்கும் 825ஐக் கூட்டிவிடுகிறார்கள். இதனால் ஒவ்வோர் ஆண்டிலும் சற்றேறக்குறைய நாலரை மாத மரணங்கள் ஓராண்டு பிந்திப் பதிவாகின்றன. பொதுவாக இது சிறு பிழை என்று விட்டுவிடலாம். 1094இல் விட முடியாது. துலாம் 1094 என்பது 1918 அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை. 825ஐக் கூட்டியவருக்கு அது 1919 அக்டோபர், கொள்ளைநோயின் பேரலை ஓய்ந்து ஏறத்தாழ ஓராண்டு கழிந்த காலம். இந்தியாவில் அந்நோயின் கொடிய அலை 1918 செப்டம்பரில் எழுந்து ஆண்டிறுதிக்குள் தணிந்தது. மடிந்தவர் ஏறத்தாழ 1.2 கோடியிலிருந்து 1.8 கோடிவரை என்பது இன்று வழங்கும் மதிப்பீடுகளின் வரம்பு. கணக்கில் ஒன்று பிசகியதால் ஒரு குடும்பத்தின் மரணங்கள் அந்தப் பெருநிகழ்விலிருந்து அறுபட்டு, தொடர்பற்ற ‘மலேரியா’ மரணங்களாகத் தனித்து நிற்கின்றன.

விளக்கத்துக்காக அமைக்கப்பட்ட ஒரு மாதிரிப் பதிவைப் பார்க்கலாம். ஒரே வீட்டில், 1094 துலாம் 9இல் 28 வயதுப் பெண், பனி. துலாம் 14இல் 34 வயது ஆண், பனி. துலாம் 17இல் கைக்குழந்தை, பனி. சொல் அகராதியைக் கையில் வைத்திருப்பவர் இதில் மூன்று மலேரியா மரணங்களைக் காண்பார். ஆனால் மலேரியா நிலைத்த ஊரில் அது பெரும்பாலும் சிறுவரையே கொல்லும்; ஆண்டுக்கணக்கில் தொற்றுக்கு ஆளாகி ஓரளவு எதிர்ப்புப் பெற்ற இளைஞர்கள் ஒரே வீட்டில் ஒரு வாரத்துக்குள் அடுத்தடுத்து மடிவது அதன் இயல்பன்று. 1918இன் நோயோ இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்டவர்களையே மிகுதியாக வாரிச் சென்றது. கருவுற்ற பெண்களுக்கு அது குறிப்பாகக் கொடியதாக இருந்தது. தாய் இறந்து சில நாட்களில் கைக்குழந்தையும் இறப்பது நோயால் மட்டும் நேர்வதல்ல, பாலின்றியும் நேரலாம். அந்தக் குழந்தைக்கும் ‘பனி’ என்றே எழுதப்பட்டிருப்பது எழுதியவரின் எளிமை. இங்கே வாசிக்கப்பட வேண்டிய அலகு தனி வரியன்று, பக்கம். அந்தப் பக்கத்தில் வயதும் இடைவெளியும் வீடும் மாதமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்போது, ‘பனி’ என்ற சொல் எதையும் உறுதிசெய்யாத நிலையிலும் பதிவு முழுமையாக ஒன்றைச் சொல்கிறது. தனியொருவரின் நோயை இவ்வாறு நிர்ணயிக்க முடியாது என்பது உண்மையே. மலேரியா என்று நிர்ணயித்தவர்களுக்கும் அதே தடை உண்டு என்பதை மட்டும் நினைவில் கொள்ளலாம்.

பக்கத்தை அலகாகக் கொண்டால் ௸ என்னும் குறி முக்கியமாகிறது. மேற்படி என்பதன் சுருக்கமான அக்குறியை எழுதுபவர்கள் வீட்டுப்பெயருக்கும் ஊருக்கும் காரணத்துக்கும் ஒருங்கே இட்டுச் செல்வதுண்டு. காரணக் கட்டத்தில் அது தொடர்ந்து வந்தால் ஒரே நோய் பரவியது என்றும் கொள்ளலாம், எழுதுபவர் சோம்பினார் என்றும் கொள்ளலாம். பக்கம் திரும்பும் இடம் இதைத் தீர்க்க உதவும்: புதுப் பக்கத்தின் முதல் வரியில் ‘மேற்படி’க்கு இடமில்லை, எழுதுபவர் சொல்லை மீண்டும் எழுதியே ஆக வேண்டும், அங்கும் ‘பனி’ என்றே எழுதினால் தொடர்ச்சிக்கு வலு கூடும், வேறு சொல் வந்தால் முந்தைய குறிகள் அனைத்தும் ஐயத்துக்குரியவை. குறியீடுகளில் ௳ நாளையும் ௴ மாதத்தையும் ௵ ஆண்டையும் குறிப்பது பலரும் அறிந்ததே. தேய்ந்த ஏட்டில் ௴ஐயும் ௵ஐயும் மாற்றி வாசித்து மாதத்தை ஆண்டாக்கியவர்களும் உண்டு.

இவ்வாசிப்புக்கு எதிராகச் சொல்லத்தக்க வலுவான வாதம் மக்கள்தொகைக் கணக்கிலிருந்து வருவது. 1911இல் ஏறத்தாழ 34 லட்சமாக இருந்த திருவிதாங்கூரின் மக்கள்தொகை 1921இல் 40 லட்சத்தைத் தொட்டது. அதே பத்தாண்டில் இன்றைய இந்திய எல்லைக்குள் அடங்கும் பகுதியின் தொகை சற்றே குறைந்தது. ஆகவே கொள்ளைநோய் திருவிதாங்கூரைப் பெரிதாகத் தாக்கவில்லை என்று வாதிடலாம். பிரித்தானிய இந்திய மாகாணங்கள் பலவற்றைவிட இங்கே இழப்பு குறைவு என்பதை இக்கட்டுரை மறுக்கவில்லை. ஆனால் பத்தாண்டு வளர்ச்சி என்பது பத்தாண்டின் பிறப்பும் இறப்பும் வரவும் போக்கும் சேர்ந்த நிகர எண். அதிலிருந்து இரண்டு மாதத்து மரணங்களை இல்லையென்று ஆக்க முடியாது, அதிலும் ஒரு வீட்டின் மூன்று மரணங்களை விளக்கவே முடியாது. நெய்யாற்றின் மலையடிவாரத்தில் மலேரியா இருந்தது என்பதும் சரியே. அது ஆண்டுதோறும் இருந்ததுதான் 1094இன் கொத்துக்கு அது விளக்கமாகாது என்பதற்குக் காரணம். ஆண்டுமாற்று அட்டவணைகள் இருக்கையில் 825ஐக் கண்மூடிக் கூட்டுவார் எவருமில்லை என்னும் மறுப்புக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. குடும்பங்கள் அச்சிட்ட வம்சாவளிகளைப் புரட்டினாலே போதும்.

தேதியைச் சரிபார்க்க எல்லைப்புறத்துக்கேயுரிய இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது மாதப் பிறப்பு விதி. சங்கராந்தி சூரிய அஸ்தமனத்துக்கு முன் நிகழ்ந்தால் அன்றே மாதம் பிறக்கும் என்பது தமிழ்ப் பஞ்சாங்க முறை. மலையாள முறை பகலின் ஐந்தில் மூன்று பங்கு கழியும் வேளையை எல்லையாகக் கொள்கிறது. இந்த இரு எல்லைகளுக்கிடையே சங்கராந்தி வரும் மாதங்களில் ஐப்பசி 5உம் துலாம் 5உம் ஒரே நாளல்ல, ஒரு நாள் விலகும். தமிழ் மாதப்பெயரால் எழுதிய சபைப் பதிவும் மலையாள மாதப்பெயரால் எழுதிய சர்க்கார்ப் பதிவும் ஒரு நாள் முரண்பட்டால், ஒரே பெயருடைய இருவர் இறந்தனர் என்று கருதுமுன் இதைப் பார்த்தாக வேண்டும். இரண்டாவது வழி சாவுச் சடங்கிலிருந்து வருகிறது. கேரளத்து இந்துக் குடும்பங்கள் ஆண்டுச் சிராத்தத்தைப் பொதுவாக நட்சத்திரத்தைக் கொண்டும், தமிழ்க் குடும்பங்கள் திதியைக் கொண்டும் கடைப்பிடிக்கின்றன. எல்லையில் ஒரே குலத்தின் ஒரு கிளை நட்சத்திரத்தையும் மற்றொரு கிளை திதியையும் காக்கலாம். மாதம், நட்சத்திரம், திதி மூன்றும் கிடைத்தால் எந்த ஆண்டில் அவை ஒருங்கே பொருந்தின என்பதைப் பஞ்சாங்கம் காட்டிவிடும். 1918ஆ 1919ஆ என்ற கேள்விக்கு அதைவிடச் சுதந்திரமான சான்று இல்லை. மதம் மாறிய கிளையின் பதிவை மதம் மாறாத கிளையின் சிராத்த நாள் திருத்தலாம் என்பதை இதுவரையான ஆய்வுகள் பயன்படுத்தாமல் விட்டது வியப்பே.

1930களிலிருந்து சொற்கள் மாறுகின்றன. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையோடு நெய்யாற்றின்கரையில் அமைந்த சுகாதார யூனிட்டின் ஊழியர்கள் மரணங்களை விசாரிக்கத் தொடங்கிய பின், ‘பனி’ பல பெயர்களாகப் பிரிவதை நோயின் மாற்றமாகக் கொள்ளக் கூடாது. எழுதியவர் மாறினார், அவ்வளவே. நெய்யூர் மிஷன் மருத்துவமனை இருந்த பகுதியில் ‘வயிற்றுவலி’க்கும் ‘வாய்ப்புண்’ணுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: அங்கே சாமர்வெல் என்ற அறுவை மருத்துவர் செய்த குடற்புண் அறுவைகளும், வெற்றிலை மெல்வோரின் வாய்ப்புற்று குறித்து ஓர் என்ற மருத்துவர் 1933இல் வெளியிட்ட ஆய்வும் அச்சொற்களுக்குள் என்னென்ன இருந்திருக்கக்கூடும் என்பதைக் காட்டுகின்றன.

1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் நிலைமையை வேறுவிதமாகக் கடினமாக்கியது. அதன் 17ஆம் பிரிவு, இறப்புப் பதிவிலிருந்து வழங்கும் நகலில் மரணகாரணத்தை வெளியிடக் கூடாது என்கிறது. ஆகவே பேரன் கையில் கிடைக்கும் சான்றிதழில் அந்தக் கட்டமே இல்லை. மருத்துவமனைத் தாளில் ஆர்54 போன்ற பன்னாட்டுக் குறியீடு கிடைத்தாலும், அது முதுமை என்னும் தலைப்பையே சுட்டுகிறது; நோய் எதுவும் கண்டறியப்படவில்லை என்பதற்கு மேல் அதில் பொருள் தேடுவது ‘பனி’யில் மலேரியாவைத் தேடியதன் புது வடிவம்.

1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தமிழகத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் ஆனபின், 1959இல் தென்திருவிதாங்கூர்ப் பேராயமும் கன்னியாகுமரி, தென்கேரளப் பேராயங்களாகப் பிரிந்தபின், ஒரே குலத்தின் பதிவுகள் இரு மாநிலங்களில் இரு மொழிகளில் கிடக்கின்றன. அவற்றைப் படமெடுத்துப் பட்டியலிடுவோர் தமக்கு வேண்டிய வரியை மட்டும் வெட்டி எடுக்காமல் பக்கம் முழுவதையும் படமெடுக்க வேண்டும். ஏட்டில் உள்ள தேதியையும் சொல்லையும் குறியையும் அப்படியே ஒரு பத்தியிலும், தம் மாற்றத்தையும் விளக்கத்தையும் வேறொரு பத்தியிலும் எழுத வேண்டும். அச்சான வம்சாவளிகளில் 1919 செப்டம்பர் முதல் டிசம்பர் வரையுள்ள ‘மலேரியா’ மரணங்களை மூல ஏட்டோடு மீண்டும் ஒப்பிட வேண்டும்.