வேடியப்பனுக்கு ஒரு பெயர் இருந்தது

போரில் விழுந்தவனுக்குக் கல்லெடுப்பதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாக வகுக்கிறது. கல்லில் பெயர் பொறிக்கும் வழக்கமும் மிகப் பழையது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கல்லொன்று, கூடலூர் ஆகோளில் மாண்ட தீயன் அந்தவனுடையது.

திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூர்க் கல் இன்னும் நெருக்கமானது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எருமைகளைக் காக்கப் போராடி இறந்தான் கருந்தேவக்கத்தி. இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயும் கல்லில் இருக்கிறது, கோவிவன் என்ற பெயரோடு. (பல அரச கல்வெட்டுகளில் படைவீரனுக்கே இவ்விடம் கிடைப்பதில்லை.) மாண்டவர் வழியினருக்கு நிலம் விடுவதும் உண்டு, அதற்கு உதிரப்பட்டி என்று பெயர்.

செங்கம், தருமபுரிப் பகுதிகளில் இத்தகைய கற்கள் பல இன்று வேடியப்பன். பொங்கலிடுவோர்க்கு அவன் தெய்வம். அவன் யாரென்பது வட்டெழுத்தோடு மறைந்து கிடக்கிறது. வழிபாடே பெயரை அழித்துவிட்டது என்பாருடன் எனக்கு உடன்பாடில்லை. கற்களை இத்தனை நூற்றாண்டுகள் காத்தது அந்த மஞ்சளும் எண்ணெயுமே. அறுந்துபோனது வாசிப்பு மட்டும்தான்.

தொல்லியல் துறைக்காக இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ 1972இலேயே வெளிவந்துவிட்டது. பொங்கலன்று ஊர்ப் பிள்ளைகளைக் கல்லின் முன் அமர்த்தி, அதிலுள்ள வாசகத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கச் செய்ய ஓர் ஆசிரியர் போதும்.