ஹார்லெம் சிறுவர் வட்டாரம்

நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில், மாலைநேரக் கல்வியையும் குடியிருப்பு மேம்பாட்டையும் ஒருங்கே நடத்தும் இலாப நோக்கற்ற சமூக அமைப்பு. பள்ளிக்கு வராத பிள்ளைகளுக்காக 1970இல் தொடங்கப்பட்ட ரீட்லென் மையமே இதன் மூலம். 1990இல் ஜெஃப்ரி கனடா தலைமைப் பொறுப்பேற்றார். இன்றைய பெயர் 2002இல் சூட்டப்பட்டது.

1991இல் மாநகராட்சியின் 'பீக்கன்' திட்டத்தின்கீழ், பி.எஸ். 194 என்ற அரசுப் பள்ளிக் கட்டடத்தை வகுப்புகள் முடிந்த பின்னும், வார இறுதியிலும் இவ்வமைப்பு திறந்து வைத்திருந்தது. பிள்ளைகள் பாடம் படிக்கவும் விளையாடவும், பெரியவர்கள் கூடிப் பேசவும் அது இடமாயிற்று. அமைப்பின் 'கம்யூனிட்டி பிரைட்' பிரிவு வாடகைதாரர் சங்கங்களை அமைத்து, சிதைந்த கட்டடங்களைச் சீர்படுத்த உதவியது. இளம் பெற்றோருக்கான 'பேபி காலேஜ்', 2004இல் தொடங்கிய 'பிராமிஸ் அகாடமி' பள்ளி ஆகியன பிற அங்கங்கள். 1997இல் 24 தெருத்தொகுதிகளாக இருந்த பணிப்பரப்பு 2007இல் 97 ஆயிற்று.

பிராமிஸ் அகாடமி பள்ளியால் கணிதத் தேர்ச்சி உயர்ந்ததை ஆய்வாளர்கள் ரோலண்ட் ஃபிரையர், வில் டாபி ஆகியோரின் ஆய்வு காட்டியது. அந்த உயர்வில் வட்டாரச் சேவைகளின் தனிப்பங்கு குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் வீடு, தெரு, பள்ளி மூன்றையும் ஒரே பொறுப்பில் இணைத்ததே இதன் முதன்மைச் சிறப்பு. இதனை முன்மாதிரியாகக் கொண்டு அமெரிக்கக் கூட்டரசு 2010இல் 'பிராமிஸ் நெய்பர்ஹுட்ஸ்' நிதித் திட்டத்தைத் தொடங்கியது.