கைதிகளைப் படையாக்கிய பாட்டு

நாமக்கல் பக்கத்துக்காரர்களுக்குப் பாட்டின் பலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1930-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தவர்கள், நம் ஊர்க் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை எழுதிய பாட்டைப் பாடிக்கொண்டேதான் நடந்தார்கள். அது ஆயுதம் இல்லாதவர்களின் நடைப்பாட்டு. ஆயுதம் ஏந்தியவர்களுக்கும் அப்படி ஒரு பாட்டு இருந்தது. அதன் கதை பலருக்குத் தெரியாது.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்களைத் திரட்டினார்கள். பிரிட்டிஷ் அதிகாரி அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். ஜப்பானிய மேஜர் புஜிவாரா அவர்களை கேப்டன் மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார். வெள்ளையரை எதிர்த்துப் போரிட விரும்புகிறவர்கள் புதிய படையில் சேரலாம் என்று அறிவித்தார்கள். சேர்ந்தவர்கள் கைதி என்ற நிலையிலிருந்து விடுபட்டார்கள். எடுத்த சத்தியத்தை மீற மாட்டோம் என்று மறுத்தவர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் பலரை நியூ கினிக்குக் கூலி வேலைக்கு அனுப்பினார்கள்.

விடுபட்டவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். அதுவரை பிரிட்டிஷ் ராணுவத்தின் இசைக்குக் கால் போட்டவர்கள். இப்போது அந்த இசையும் இல்லை, அந்தக் கொடியும் இல்லை. தங்களுக்கென்று இன்னும் எதுவும் வரவில்லை.

அந்த இடத்தை நிரப்பியவர் கேப்டன் ராம் சிங் தாகூரி. தர்மசாலா பக்கத்தில் 1914-ல் பிறந்தவர். கூர்க்கா படைப்பிரிவில் இருந்து, இவரும் போர்க்கைதியானவர்தான். 1943-ல் நேதாஜி சிங்கப்பூர் வந்து தலைமை ஏற்ற பிறகு, இவர் இந்திய தேசிய ராணுவத்தின் இசைக்குழுவை நடத்தினார். நேதாஜி இவருக்கு ஒரு வயலினைப் பரிசளித்தார். 'கதம் கதம் படாயே ஜா' என்ற நடைப்பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் இவரே.

அப்போது அந்தப் படையில் கைதிகளாக இருந்த சிப்பாய்கள் மட்டும் இல்லை. மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருமளவில் சேர்ந்தார்கள். சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆற்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் அழைத்துப் போன குடும்பங்கள் அவை. நாமக்கல்லும் அன்று சேலம் மாவட்டம்தான். சென்னை டாக்டர் லட்சுமி தலைமையிலான ஜான்சி ராணிப் படையிலும் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களே அதிகம். பஞ்சாபிக்கும் கூர்க்காவுக்கும் தமிழருக்கும் பொது மொழி ஏது? நேதாஜியின் பேச்சையே தமிழில் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. ஆனால் மெட்டுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. இடது கால், வலது கால் தெரிந்தால் போதும்.

1945-ல் ஜப்பான் சரணடைந்தது. இந்த வீரர்கள் மீண்டும் கைதிகளானார்கள். டெல்லி செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சகல், தில்லான் ஆகிய மூவர் மீது வழக்கு நடந்தது. நாடே கொந்தளித்தது. 1946 ஜனவரியில் மூவரையும் விட்டுவிட்டார்கள். அந்தப் பாட்டுக்கும் தடை விதித்திருந்தார்கள், 1947-ல்தான் நீங்கியது. அதே ஆகஸ்டில், அதே செங்கோட்டையில், ராம் சிங்கின் குழு வாசித்தது. பிறகு அவர் உத்தரப் பிரதேச ஆயுதப் போலீசின் பேண்டை நடத்தினார். 2002-ல் லக்னோவில் காலமானார்.

இன்று அவருடைய மெட்டு இந்திய ராணுவத்தின் நடையிசை. ஆனால் அதற்கு நடந்த வீரர்களைச் சுதந்திர இந்தியா ராணுவத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. சத்தியம் மீறியவர்களைச் சேர்த்தால் படையின் கட்டுப்பாடு கெடும் என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். அந்தக் காரணத்தில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் வணிகவியல் படிக்கிற எனக்கு இந்தக் கணக்கு இடிக்கிறது. மெட்டை வரவு வைத்துக்கொண்டார்கள், ஆட்களை மட்டும் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

அணிவகுப்பில் அந்த மெட்டு ஒலிக்கும்போது, அதைப் பாடிய சேலத்துக்காரர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வோம் நண்பர்களே.